ஒரே மூளைப் புரதம், ஒன்பது புரமோட்டர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் பி.டி.என்.எஃப். என்ற மூளைப் புரதத்தைப் பற்றி எழுதியிருந்தேன். நரம்பு செல்கள் பிழைத்திருக்கவும், ஒன்றோடொன்று இணைப்புகளை உண்டாக்கி அவற்றை வலுப்படுத்தவும் உதவும் புரதம் அது. ஈவ்-அலன் பார்டேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982-இல் அதைப் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 'இந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஒன்பது புரமோட்டர்கள் இருக்கின்றன' என்று கட்டுரையின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. என் ஆய்வுக்கூட வாழ்க்கையின் பெரும்பகுதி புரமோட்டர்களோடுதான் கழிந்தது. எனவே இந்த மாதம் பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: உடம்பில் எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். 'அப்படியானால் மூளைப் புரதம் ஏன் கல்லீரலில் உருவாவதில்லை?' என்று ஒரு மாணவி கேட்டாள். புரமோட்டர் என்பது டி.என்.ஏ.வில் எங்கே இருக்கிறது? (பள்ளி ஆசிரியை ஒருவர்)

பதில்: நல்ல மாணவி. முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதிக்கட்டைகளைத்தான் எழுத்துகள் என்கிறேன். ஒரு மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் வேலை எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, அந்த எழுத்தையும் அதைச் சுற்றி, முக்கியமாக அதற்கு முன்னால் உள்ள சில நூறு எழுத்துகளையும் சேர்த்துத்தான் புரமோட்டர் என்கிறோம். படியெடுக்கும் நொதியின் பெயர் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2. எங்கே தொடங்குவது என்று அதற்குத் தானாகத் தெரியாது. டி.எஃப்.2.டி. என்ற புரதக் கூட்டம் முதலில் புரமோட்டரில் வந்து உட்கார வேண்டும். பிறகு மற்றவை ஒவ்வொன்றாகச் சேரும். அப்புறம்தான் பாலிமரேஸ் வரும். பாடப்புத்தகங்களில் டி-ஏ-டி-ஏ என்ற எழுத்து வரிசையைப் படம் போட்டிருப்பார்கள். தொடக்கப் புள்ளிக்குச் சுமார் 25, 30 எழுத்துக்கு முன்னால் அது இருக்கும். மனிதப் புரமோட்டர்கள் பெரும்பாலானவற்றில் அந்த வரிசையே கிடையாது என்பதையும் மாணவர்களிடம் சேர்த்துச் சொல்லுங்கள். படத்தை மட்டும் பார்த்தவர்கள் கல்லூரிக்கு வந்ததும் குழம்பிப் போகிறார்கள்.

இப்போது உங்கள் மாணவியின் கேள்வி. டி.என்.ஏ. எல்லாச் செல்லிலும் ஒன்றுதான்; அதன்மேல் வந்து உட்காரும் புரதங்கள் செல்லுக்குச் செல் மாறும். மூளை மரபணுக்கள் விஷயத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. கல்லீரலில் அவற்றை யாரும் இயக்கவில்லை என்பதோடு கதை முடிவதில்லை. ஒரு புரதம் அவற்றை வேலை செய்யவிடாமல் அமுக்கிப் பிடித்திருக்கிறது. அதன் பெயர் ரெஸ்ட். 1995-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தன. நரம்பு செல்லுக்கு உரிய நூற்றுக்கணக்கான மரபணுக்களின் அருகில் ஏறத்தாழ 21 எழுத்து நீளமுள்ள ஒரு வரிசை இருக்கிறது. ரெஸ்ட் அதைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, அந்தப் பகுதி டி.என்.ஏ.வை இறுக்கிச் சுருட்டும் நொதிகளை அழைத்துக்கொள்கிறது. ஒரு செல் நரம்பு செல்லாக முதிரும்போது ரெஸ்டின் அளவு குறைகிறது. பிடி விடுபடுகிறது.

பி.டி.என்.எஃப். மரபணுவிலும் ரெஸ்ட் உட்காரும் இடம் ஒன்று உண்டு. மூளை செல்கள் படிப்படியாக அழியும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் நோயைப் படித்தவர்களுக்கு இது முக்கியம். முதிர்ந்த நரம்பு செல்லில் மிச்சமிருக்கும் ரெஸ்டை ஹன்டிங்டின் என்ற புரதம் உட்கருவுக்கு வெளியே நிறுத்தி வைக்கிறது. நோயாளிகளிடம் ஹன்டிங்டின் பழுதாகிவிடுவதால் அந்தப் பிடி தளர்கிறது. ரெஸ்ட் உட்கருவுக்குள் போய் பி.டி.என்.எஃப். உற்பத்தியைக் குறைக்கிறது. இத்தாலியில் எலேனா கட்டானியோவின் குழு 2003-இல் இதைக் காட்டியது. மூளையின் மேலுறையிலிருந்து வரும் பி.டி.என்.எஃப்.ஐ நம்பித்தான் ஸ்ட்ரையேட்டம் என்ற உட்பகுதி இருக்கிறது. அந்த நோயில் முதலில் அழியும் பகுதியும் அதுதான்.

கேள்வி: ஒன்பது புரமோட்டர்களில் எதிலிருந்து தொடங்கினாலும் கிடைப்பது ஒரே புரதம் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு புரமோட்டர் போதாதா? மற்ற எட்டும் வீண்தானே? (பொறியாளர் ஒருவர்)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பி.டி.என்.எஃப்.ஐப் பற்றி நான் ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

மரபணுவின் அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 11-ஆவது குரோமோசோமின் குட்டைக் கையில் ஏறத்தாழ 70,000 எழுத்து நீளத்துக்கு அது பரந்து கிடக்கிறது. முடிவான ஆர்.என்.ஏ.வில் இடம்பெறும் மரபணுத் துண்டை எக்ஸான் என்பார்கள். புரதத்துக்கான குறிப்பு மொத்தமும் கடைசியில் உள்ள ஒரே எக்ஸானில் இருக்கிறது. 247 அமினோ அமிலங்கள் கொண்ட முன்வடிவம் உருவாகி, வெட்டுப்பட்டு, முடிவில் 119 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் மிஞ்சும். அந்தக் கடைசி எக்ஸானுக்கு முன்னால் வரிசையாகச் சின்னச் சின்ன எக்ஸான்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனிப் புரமோட்டர் உண்டு. முதல் புரமோட்டரில் படியெடுப்பு தொடங்கினால், ஆர்.என்.ஏ.வின் தலையில் முதல் எக்ஸான் ஒட்டியிருக்கும். நான்காவதில் தொடங்கினால் நான்காவது எக்ஸான். தலை எதுவானாலும் உடல் ஒன்று. புரதமும் ஒன்று.

1993-இல் டோனிஸ் டிம்மஸ்க்கும் அவர் குழுவினரும் எலியில் இதை முதலில் காட்டினார்கள். அப்போது நான்கு புரமோட்டர்கள்தான் தெரிந்திருந்தன. முதல் மூன்றும் பெரும்பாலும் மூளையில் வேலை செய்தன; நுரையீரலிலும் இதயத்திலும் நான்காவதுதான். 2007-இல் இன்னும் நுணுக்கமாகத் தேடியபோது எலி, மனிதன் இரண்டின் வரைபடமும் பெரிதாகி, எண்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 2007-க்கு முன் 'மூன்றாவது புரமோட்டர்' என்று எழுதியிருந்தால் அது இன்றைய நான்காவது; அன்றைய நான்காவதுதான் இன்றைய ஆறாவது. இது தெரியாமல் இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும்.

ஏரி ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். எந்த மதகு எப்போது திறக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்த வயலுக்குப் பாய்கிறது என்பது. பி.டி.என்.எஃப். விஷயமும் அப்படித்தான். ஒவ்வொரு புரமோட்டரும் வேறு வேறு எழுத்து வரிசைகளைக் கொண்டது. அதனால் அதில் வந்து உட்காரும் புரதங்களும் வேறு. அது எந்த செல்லில், எந்த வயதில், எந்தச் சமிக்ஞைக்குப் பதில் கொடுக்கும் என்பதும் வேறு.

வீண்தானா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எலியில் ஒரு குறிப்பிட்ட எக்ஸானுக்குப் பின்னால் 'இங்கேயே நிறுத்து' என்ற குறியீட்டைச் செருகிவிட்டால், அந்தப் புரமோட்டரிலிருந்து புரதம் வராது. மற்றவை வழக்கம்போல வேலை செய்யும். 2016-இல் இப்படி ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு ஆகிய புரமோட்டர்களைத் தனித்தனியாக முடக்கிய எலிகளை ஒப்பிட்டார்கள். ஒன்று அல்லது இரண்டு முடங்கிய ஆண் எலிகள் மற்ற எலிகள்மேல் அளவுக்கு மீறிப் பாய்ந்தன. நான்கோ ஆறோ முடங்கியவற்றிடம் அந்த மூர்க்கம் இல்லை. நான்காவதை முடக்கிய எலிகளை வேறொரு குழு முன்பே, 2009-இல், ஆராய்ந்திருந்தது. அவற்றின் முன்மூளை மேலுறையில் அடக்கும் வகை நரம்பு செல்களின் வேலை குறைந்திருந்தது. காணாமல் போனது ஒரே புரதம்தான். எந்தப் புரமோட்டர் வழியாக வருவது காணாமல் போயிற்று என்பதைப் பொறுத்து விலங்கின் நடத்தையே வேறாகிறது.

'மூளையில் பி.டி.என்.எஃப். எவ்வளவு?' என்ற கேள்வி அரைகுறையானது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். எந்த செல்லில், எந்தச் சமயத்தில், எந்தப் புரமோட்டர் வழியாக என்பதையும் கேட்டால்தான் பதிலுக்குப் பொருள் இருக்கும்.

கேள்வி: நரம்பு செல்லில் மின்துடிப்பு ஓடினால் அந்த மரபணு விழித்துக்கொள்கிறது என்கிறீர்கள். மின்துடிப்பு நடப்பது செல்லின் சவ்வில். டி.என்.ஏ. இருப்பது உட்கருவுக்குள். சேதி எப்படிப் போய்ச் சேர்கிறது? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

பதில்: கால்சியம் கொண்டுபோகிறது. செல்லின் மின்னழுத்தம் மாறும்போது சவ்விலுள்ள கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. உள்ளே பாயும் கால்சியம் சில நொதிகளைத் தூண்டுகிறது. அவை உட்கருவில் உள்ள கிரெப் என்ற புரதத்தின் 133-ஆவது அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகின்றன. பாஸ்பேட் ஒட்டிய கிரெப், படியெடுக்கும் இயந்திரத்தை அழைக்கக்கூடிய துணைப் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது.

கிரெப் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். டி-ஜி-ஏ-சி-ஜி-டி-சி-ஏ என்ற எட்டு எழுத்து வரிசைதான் அதற்கு மிகவும் பிடித்தது. பி.டி.என்.எஃப். நான்காவது புரமோட்டரில், தொடக்கப் புள்ளிக்கு 50 எழுத்துக்குள்ளேயே, ஏறத்தாழ அதே வரிசை இருக்கிறது. ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்கிறது: டி-சி-ஏ-சி-ஜி-டி-சி-ஏ. 1998-இல் இரண்டு குழுக்கள் இதை வெளியிட்டன. கால்சியம் வந்தால் நான்காவது புரமோட்டர் துள்ளி எழுவதற்கு இந்த எட்டு எழுத்து வேண்டும். அவை மட்டும் போதாது என்பதும் பிறகு தெரிந்தது. பக்கத்திலேயே வேறு புரதங்கள் உட்காரும் இடங்களும் இருக்கின்றன; அவையும் சேர்ந்தால்தான் முழு வேகம்.

2008-இல் மைக்கேல் கிரீன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் செய்த ஒரு பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. புரதத்துக்கான குறிப்பில் அவர்கள் கைவைக்கவே இல்லை. உயிருள்ள எலியின் நான்காவது புரமோட்டரில் கிரெப் உட்காரும் அந்தச் சிறு வரிசையை மட்டும் மாற்றினார்கள். செல் தூண்டப்படும்போது உருவாக வேண்டிய பி.டி.என்.எஃப். குறைந்தது. மூளை மேலுறை நரம்பு செல்கள்மேல் உண்டாக வேண்டிய அடக்கும் வகை இணைப்புகளும் குறைந்தன. சில எழுத்துகள்தான், அவையும் புரதத்துக்குள் வராத எழுத்துகள். புரமோட்டர் ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பரிசோதனையைத்தான்.

அந்த எட்டு எழுத்தின் நடுவில் சி-யும் ஜி-யும் அடுத்தடுத்து வருவதைக் கவனித்தீர்களா? டி.என்.ஏ.வில் சி-க்குப் பின் ஜி வரும் இடங்களில் சி-யின்மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஒட்ட முடியும். அங்கே மெத்தில் ஒட்டிவிட்டால் கிரெப்பால் சரியாகப் பிடிக்க முடியாது. எழுத்து மாறவில்லை, மரபணுவில் பிழையும் இல்லை; ஆனாலும் புரமோட்டர் மந்தமாகிவிடும். கீழே வரும் இரண்டு கேள்விகளுக்கு இது அடிப்படை.

கேள்வி: நான் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். ஒரு டி.என்.ஏ. துண்டு புரமோட்டர்தான் என்று ஆய்வுக்கூடத்தில் எப்படி உறுதி செய்வது? (கல்லூரி மாணவர்)

பதில்: மின்மினிப் பூச்சியின் உதவியோடு. மின்மினியின் ஒளிக்குக் காரணமான லூசிஃபெரேஸ் நொதியின் மரபணுவை, புரமோட்டர் இல்லாமல், பிளாஸ்மிட் என்ற வட்ட டி.என்.ஏ.வில் வைத்திருப்போம். நீங்கள் சந்தேகப்படும் துண்டை அதற்கு முன்னால் ஒட்டுவீர்கள். துண்டு உண்மையிலேயே புரமோட்டராக இருந்தால் செல் லூசிஃபெரேஸை உருவாக்கும். அந்த நொதி வினைபுரியும் லூசிஃபெரின் என்ற பொருளைச் சேர்த்தால் ஒளி வரும். கண்ணுக்குத் தெரியாத அளவு ஒளிதான். லூமினோமீட்டர் அதை எண்ணிக் கொடுக்கும்.

நான் இதை எலிக்கருவின் மூளை மேலுறையிலிருந்து எடுத்த நரம்பு செல்களில் செய்து பழகியவள். பாலி-லைசின் பூசிய தட்டில் அவற்றை ஒரு வாரம் போல வளர்க்க வேண்டும். கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தட்டை அசைத்தாலே செல்கள் படலமாக உரிந்து மிதக்கும். இவை வெளி டி.என்.ஏ.வை எளிதில் உள்ளே விடாது; நூறு செல்லில் சிலதான் ஏற்றுக்கொள்ளும். எனவே எப்போதும் இரண்டாவதாக ஒரு பிளாஸ்மிடையும் சேர்த்தே போடுங்கள்: ரெனில்லா என்ற கடல் உயிரியின் லூசிஃபெரேஸ், அதற்கு முன்னால் நன்கு தெரிந்த ஒரு புரமோட்டர். மின்மினி அளவை ரெனில்லா அளவால் வகுத்தால்தான் ஒரு தட்டை இன்னொரு தட்டோடு ஒப்பிட முடியும். இதைச் செய்யாமல் கொண்டுவரும் எண்களை நான் பார்ப்பதே இல்லை.

அடுத்து, பாதித் தட்டுகளில் பொட்டாசியம் குளோரைடைக் கூட்டுங்கள். செல்லின் மின்னழுத்தம் சரிந்து கால்சியம் உள்ளே பாயும். சில மணி நேரம் கழித்து, தூண்டியதையும் தூண்டாததையும் அளந்து பாருங்கள். நான்காவது புரமோட்டரை வைத்திருந்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். இப்போது துண்டைத் தொலைவு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். எந்த வெட்டுக்குப் பிறகு தூண்டலுக்குப் பதில் விழுகிறதோ, தேடிய எழுத்துகள் அங்கே இருக்கின்றன. பிறகு அந்த எழுத்துகளை மட்டும் மாற்றி மறுபடி அளந்தால் சந்தேகம் தீரும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. செய்முறைத் தேர்வில் கேட்காவிட்டாலும் தெரிந்துகொள்ளுங்கள். பிளாஸ்மிட் என்பது கிட்டத்தட்ட அம்மணமான டி.என்.ஏ. குரோமோசோமில் உள்ள டி.என்.ஏ.வோ ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிச் சுருண்டு கிடக்கிறது. தட்டில் பிரகாசமாக ஒளிரும் துண்டு, உயிருள்ள மூளையில் சுருட்டி மூடப்பட்டிருக்கலாம். தொலைவிலிருந்து உதவும் பகுதிகளும் பிளாஸ்மிடில் விடுபட்டுப் போகும்: பி.டி.என்.எஃப். மரபணுவுக்குள்ளேயே, முதல் புரமோட்டரிலிருந்து சுமார் 3,000 எழுத்து தள்ளி, முதல் மூன்று புரமோட்டர்களுக்கும் சேர்த்து ஊக்கம் கொடுக்கும் பகுதி ஒன்று இருப்பதை 2021-இல் தான் காட்டினார்கள். இன்று டி.என்.ஏ.வை வேண்டிய இடத்தில் வெட்டி மாற்றும் கிரிஸ்பர் என்ற கருவி இருக்கிறது. தட்டில் கண்டதைக் குரோமோசோமிலேயே மாற்றிச் சரிபார்க்கலாம். அந்த இரண்டாவது படியைத் தாண்டாத முடிவைப் பாதி முடிவாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ரெட் சிண்ட்ரோம். மெக்-பி-2 மரபணுவில் மாற்றம் என்று அறிக்கை வந்திருக்கிறது. அது பி.டி.என்.எஃப்.ஐப் பாதிக்கும் என்று படித்தேன். பி.டி.என்.எஃப்.ஐக் கூட்டினால் அவள் தேறுவாளா? எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இது இல்லை. நான் என்ன தவறு செய்தேன்? (ஒரு தாய்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் அம்மா. நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. இந்த மாற்றம் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை, புதிதாக நேர்வது. கர்ப்ப காலத்தில் நீங்கள் செய்த எதனாலும், செய்யாத எதனாலும் வந்ததில்லை.

மெக்-பி-2 என்பது டி.என்.ஏ.வில் மெத்தில் ஒட்டிய இடங்களைப் பிடித்துக்கொள்ளும் புரதம். அதன் மரபணுவுக்கும், பெரும்பாலும் பெண் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ரெட் சிண்ட்ரோமுக்கும் உள்ள தொடர்பை 1999-இல் ஹுடா ஸோக்பியின் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது. 2003-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், நரம்பு செல் சும்மா இருக்கும்போது மெக்-பி-2 பி.டி.என்.எஃப். புரமோட்டரில் உட்கார்ந்து அதை அடக்குகிறது, தூண்டல் வந்ததும் விலகுகிறது என்று காட்டின. அப்படியென்றால் மெக்-பி-2 இல்லாத மூளையில் பி.டி.என்.எஃப். கூடியிருக்க வேண்டும் இல்லையா? ஆனால் நோய்க்குறிகள் தெரியும் எலிகளின் மூளையில் அது குறைந்துதான் இருந்தது. மெக்-பி-2 இல்லாமல் நரம்பு செல்களின் இயக்கமே மந்தப்படுவதால், புரமோட்டரைத் தூண்ட வேண்டிய சமிக்ஞை குறைந்துவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம். 2006-இல் அப்படிப்பட்ட எலிகளில் மரபணு வழியாக பி.டி.என்.எஃப்.ஐக் கூட்டியபோது அவை கூடுதல் நாள் வாழ்ந்தன, நடமாட்டமும் மேம்பட்டது. நீங்கள் படித்தது அதுவாக இருக்கலாம்.

ஆனால் அதைக் குழந்தைக்கு அப்படியே கொண்டுவர வழியில்லை. ஊசியாகப் போட்டால் பி.டி.என்.எஃப். ரத்தத்திலிருந்து மூளைக்குள் போதுமான அளவு போகாது. மூளை முழுக்க வேளை பார்க்காமல் கூட்டுவதும் ஆபத்து, ஏனென்றால் இந்தப் புரதம் அளவு மீறினால் வலிப்புக்குச் சாதகமாகும். ரெட் உள்ள குழந்தைகள் பலருக்கு ஏற்கெனவே வலிப்பு இருக்கிறது. எனவே 'பி.டி.என்.எஃப். ஊக்கி' என்று யார் எதை விற்றாலும் மகளுக்குக் கொடுக்காதீர்கள்.

நம்பிக்கைக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. 2007-இல் ஏட்ரியன் பேர்டின் குழு, நோய் முற்றிய எலிகளில் மெக்-பி-2வை மறுபடி இயங்கவைத்தது. குறிகள் பெருமளவு பின்வாங்கின. நரம்பு செல்கள் செத்துப்போகவில்லை, வழிதவறித்தான் இருக்கின்றன என்பது அன்றைக்குத் தெரிந்தது. 2023-இல் ட்ரோஃபினெடைட் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2 வயதும் அதற்கு மேலும் உள்ள ரெட் நோயாளிகளுக்காக அனுமதி கிடைத்தது. அது நோயைக் குணமாக்காது. சில குறிகளைக் குறைக்கிறது. உங்கள் மகளுக்குப் பொருந்துமா என்பதைக் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். உங்கள் கடிதத்துக்குத் தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: தனியார் மரபணுப் பரிசோதனை ஒன்றில் எனக்கு 'பி.டி.என்.எஃப். வால்66மெட்' இருப்பதாக வந்திருக்கிறது. என் புரமோட்டர் பழுதா? (மென்பொருள் பணியாளர்)

பதில்: இல்லை. அது புரமோட்டரில் உள்ள மாற்றமே அல்ல. புரதத்தின் முன்வடிவத்தில் 66-ஆவது இடத்தில் வாலினுக்குப் பதில் மெத்தியோனின். அதுவும் பிறகு வெட்டி நீக்கப்படும் பகுதியில் இருக்கிறது. உருவாகும் அளவை அது மாற்றாது; தூண்டல் வரும்போது செல்லிலிருந்து வெளியேறும் அளவு கொஞ்சம் குறையும். கோடிக்கணக்கான ஆரோக்கியமான மனிதர்களிடம் இது இருக்கிறது. 2003-இல் நினைவாற்றலோடு தொடர்பு சொன்னார்கள். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதற்கு ஒத்துப்போகவில்லை. இதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: சிறுவயதில் நிறைய அடி, வசவு. இப்போது மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறேன். சிறுவயதுத் துன்பம் மரபணுவில் நிரந்தரமாகப் பதிந்துவிடும் என்று ஒரு காணொளியில் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை. ரத்தத்தில் பி.டி.என்.எஃப். அளவும் மெத்தில் பரிசோதனையும் செய்து பார்க்கலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: அந்தக் காணொளி எந்த ஆய்விலிருந்து எடுத்துப் பேசியிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 2009-இல் டானியா ராத், டேவிட் ஸ்வெட் ஆகியோரின் ஆய்வில், பிறந்த முதல் வாரத்தில் முரட்டுத்தனமாக நடத்தப்பட்ட எலிக்குட்டிகளின் முன்மூளையில், வளர்ந்த பிறகும் பி.டி.என்.எஃப். மரபணுவில் மெத்தில் கூடியிருந்தது, உற்பத்தி குறைந்திருந்தது. இந்த இடம் வரை பலரும் சொல்வார்கள். அதே கட்டுரையில் இன்னொரு பாதியும் இருக்கிறது: மெத்திலைக் குறைக்கும் ஒரு மருந்தை வளர்ந்த எலிகளின் மூளைக்குள் செலுத்தியபோது பி.டி.என்.எஃப். உற்பத்தி இயல்புக்குத் திரும்பியது. அந்த மருந்து மனிதருக்கானது இல்லை. ஆனால் 'நிரந்தரம்' என்ற சொல்லை அந்த ஆய்வே ஆதரிக்கவில்லை.

இன்னொன்று உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். 2006-இல் எரிக் நெஸ்ட்லரின் ஆய்வுக்கூடத்தில், வலுவான எலியிடம் தொடர்ந்து தோற்றுத் துவண்டுபோன எலிகளை ஆராய்ந்தார்கள். நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் இரண்டு பி.டி.என்.எஃப். புரமோட்டர்களைச் சுற்றியிருந்த ஹிஸ்டோன்களில் அடக்கும் அடையாளம் ஏறியிருந்தது. அந்த எலிகளுக்கு இமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தைத் தொடர்ந்து கொடுத்தார்கள். அடக்கும் அடையாளம் போகவில்லை. ஆனால் அதே இடத்தில், புரமோட்டரைத் திறந்து வைக்கும் வேறொரு அடையாளம், அசிட்டைல் குழு, கூடியது. உற்பத்தி மீண்டது. பழைய அடையாளத்தை அழிக்காமலேயே புரமோட்டர் மறுபடி வேலை செய்ய முடியும் என்பதைத்தான் அந்த எலிகளில் பார்த்தோம்.

ரத்தப் பரிசோதனை இரண்டும் வேண்டாம். ரத்தத்தில் உள்ள பி.டி.என்.எஃப்.இல் பெரும்பகுதி தட்டணுக்களில் சேர்ந்திருப்பது. மாதிரியை எவ்வளவு நேரம் உறையவிட்டார்கள் என்பதைப் பொறுத்தே அளவு மாறும். மூளையில் எந்தப் புரமோட்டர் என்ன செய்கிறது என்பதை அது சொல்லாது. மெத்தில் பரிசோதனையும் ரத்த செல்களில் செய்வது. மேலே சொன்னபடி புரமோட்டரின் நிலை செல்லுக்குச் செல் வேறு. எந்த மருந்து, எவ்வளவு நாள் என்பதை உங்கள் மனநல மருத்துவர் உங்களிடம் பேசித்தான் முடிவு செய்கிறார். அதற்கு இந்த இரண்டு அறிக்கைகளும் அவருக்குத் தேவைப்படாது. சாப்பிடும் மருந்தை அவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். தூக்கம் போய்விட்டது என்பதையும், ஏன் போயிற்று என்பதையும் அடுத்த முறை வரை காத்திராமல் இந்த வாரமே அவரிடம் சொல்லுங்கள்.